லினக்ஸ் கெர்னலில் ஹாஷ் அட்டவணை: சங்கிலி, பூட்டு, அளவு குறித்த வடிவமைப்புத் தேர்வுகள்

ஆய்வுச்சுருக்கம்

ஹாஷ் அட்டவணை கணினி அறிவியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. பாடநூல்கள் ஹாஷ் சார்பையும் அட்டவணையின் நிரப்பு விகிதத்தையும் முதன்மைப்படுத்துகின்றன. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை நோக்கும்போது வேறு வினாக்களே அட்டவணையின் வடிவத்தைத் தீர்மானிப்பது புலப்படுகிறது. திறவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் யார்? ஒரே நேரத்தில் அட்டவணையைத் தொடும் செயலகங்கள் எத்தனை? அட்டவணை வளரும்போது காத்திருப்பவர் யார்? கோப்புப் பெயர்த் தேடல், வழித்தடக் கேஷ், ஃபியூடெக்ஸ், டி.சி.பி. இணைப்புகள், செயல்முறை எண் ஆகியவற்றுக்காகக் கெர்னல் மேற்கொண்ட தேர்வுகளை முன்வைத்து இவ்வினாக்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ் கெர்னல், ஹாஷ் அட்டவணை, மோதல், ஆர்.சி.யு., கேஷ் வரி, சிப்ஹாஷ், ஆர்ஹாஷ்டேபிள்

முன்னுரை

ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அக்கோப்பின் பாதையிலுள்ள ஒவ்வொரு பெயரையும் கெர்னல் தனித்தனியே தேடுகிறது. நான்கு கோப்புறைகளைக் கடந்து செல்லும் பாதைக்கு ஐந்து தேடல்கள் தேவை. ஒவ்வொரு முறையும் வட்டுக்குச் சென்று படித்தால் கணினி நகராது. ஆகவே முன்பு கண்ட பெயர்களை டென்ட்ரி என்னும் கட்டமைப்புகளாகக் கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பெயரை ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண் சுட்டும் அறைக்கு நேராகச் சென்று, அங்குள்ள சங்கிலியில் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இவ்வறைகளின் தொகுதியே ஹாஷ் அட்டவணை. பெயரை எண்ணாக்குவது ஹாஷ் சார்பு. இரு பெயர்கள் ஒரே அறைக்கு வந்துசேர்வது மோதல்.

இவ்வளவும் பாடநூலில் உள்ளவை. பயனர் நிரலொன்றில் ஹாஷ் அட்டவணை மெதுவானால் அந்த நிரல் மட்டுமே மெதுவாகும். கெர்னலில் மெதுவானால் கணினியே நிற்கும். கெர்னலின் அட்டவணையைப் பல செயலகங்கள் ஒரே நேரத்தில் தொடுகின்றன. வலையமைப்பிலிருந்து வரும் குறுக்கீட்டின் நடுவிலும் அதில் ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்நேரத்தில் நினைவகம் கிடைக்கும் வரை காத்திருக்க இயலாது. கெர்னலின் தேர்வுகள் பாடநூலின் பரிந்துரைகளிலிருந்து விலகுவதற்கான காரணங்கள் இங்கேயே தொடங்குகின்றன.

சங்கிலியின் வடிவம்

மோதலைக் கையாள இரு பெருவழிகள் உண்டு. ஒன்று, மோதிய உறுப்பை அட்டவணையிலேயே அடுத்த வெற்றிடத்தில் வைப்பது. மற்றொன்று, ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு சங்கிலியைத் தொடங்குவது. முதல் வழி நினைவகத்தைத் தொடர்ச்சியாகப் படிப்பதால் இன்றைய செயலகங்களில் விரைவானது எனப் பயனர் நிரல் உலகில் பெரிதும் போற்றப்படுகிறது. லினக்ஸ் கெர்னலிலோ ஏறத்தாழ எங்கும் சங்கிலியே ஆள்கிறது.

காரணம், கெர்னலின் சங்கிலி உறுப்புக்கு வெளியே இல்லை. உறுப்பின் உள்ளேயே பதிந்துள்ளது. டென்ட்ரி உருவாகும்போதே சங்கிலியில் கோத்துக்கொள்வதற்கான சுட்டிகளும் அதனுள் உருவாகிவிடுகின்றன. எனவே அட்டவணையில் சேர்ப்பதற்குத் தனியே நினைவகம் கேட்க வேண்டியதில்லை. சேர்த்தல் என்னும் செயல் நினைவகப் பற்றாக்குறையால் தோல்வியடைவதில்லை. ஒரே உறுப்பு ஹாஷ் சங்கிலியிலும் வேறு பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அதன் முகவரி ஒருபோதும் மாறுவதில்லை. பல செயலகங்கள் ஓர் உறுப்பைச் சுட்டிக்கொண்டிருக்கும் சூழலில் இது சிறிய நன்மையன்று.

கெர்னலின் பொதுவான பட்டியல் இருதிசைப் பட்டியல். அதன் தலையில் முதல் உறுப்புக்கும் கடைசி உறுப்புக்குமாக இரண்டு சுட்டிகள் உள்ளன. 64 பிட் கணினியில் அது 16 பைட். ஹாஷ் அட்டவணையின் அறைகளுள் பல காலியாகவோ ஓரிரு உறுப்புகளுடனோ இருக்கும். கடைசி உறுப்பைச் சுட்டும் தேவை அங்கே எழுவதில்லை. ஆகவே ஹெச்லிஸ்ட் என்னும் தனிப் பட்டியல் வகுக்கப்பட்டது. அதன் தலையில் ஒரே சுட்டி, 8 பைட். 10,48,576 அறைகள் கொண்ட அட்டவணையில் இதனால் 8 மெகாபைட் மிஞ்சுகிறது. லினக்ஸ் இயங்கும் ஒவ்வொரு கணினியிலும் கிட்டும் மிச்சம் இது.

தலையில் ஒரு சுட்டியைக் குறைத்தால், உறுப்பை நீக்கும்போது சங்கிலியைத் தொடக்கத்திலிருந்து நடந்து முந்தைய உறுப்பைக் கண்டறிய வேண்டாமா? இதற்கான விடை நேர்த்தியானது. ஹெச்லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பைச் சுட்டுவதில்லை. தன்னைச் சுட்டிக்கொண்டிருக்கும் சுட்டி நினைவகத்தில் எங்குள்ளதோ அந்த இடத்தைச் சுட்டுகிறது. அவ்விடம் முந்தைய உறுப்புக்குள் இருக்கலாம், அறையின் தலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நிரல் போதும். உறுப்பு எந்த அறையில் உள்ளது என்று அறியாமலேயே அதை நீக்கலாம்.

ஹாஷ் சார்பு: ஒரு பெருக்கலின் வரலாறு

முகவரிகளையும் எண்களையும் ஹாஷ் செய்யக் கெர்னல் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறை எளியது. எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி, பெருக்கற்பலனின் மேற்பிட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வது. டொனால்டு கனூத் தம் நூலில் விளக்கிய இம்முறையில் மாறிலி பொன் விகிதத்திலிருந்து பெறப்படுகிறது. பெருக்கலில் மிகுதி எப்போதும் மேல்நோக்கியே செல்வதால் கீழ்ப்பிட்டுகள் கீழ்ப்பிட்டுகளை மட்டுமே சார்ந்திருக்கும். மேற்பிட்டுகளில்தான் எண்ணின் எல்லாப் பகுதிகளும் கலக்கும்.

இவ்வெளிய சார்பிலும் ஒரு குறை பல ஆண்டுகள் மறைந்து கிடந்தது. சில பழைய செயலகங்களில் பெருக்கல் சுற்று இல்லை. அல்லது அது மிக மெதுவானது. அவற்றுக்காக, 1 என்ற பிட்டுகள் மிகக் குறைவாக உள்ள மாறிலிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 32 பிட்டுக்கு 2654404609 என்ற எண் அவ்வாறு வந்தது. பெருக்கலுக்குப் பதில் சில இடப்பெயர்ச்சிகளும் கூட்டல்களும் போதும் என்பது நோக்கம். ஆனால் 1 என்ற பிட்டுகள் குறைந்தால் கலப்பும் குறையும். அத்தகைய மாறிலியால் பெருக்குவது, எண்ணின் ஒருசில பிரதிகளை இடம்பெயர்த்துக் கூட்டுவதே.

கெர்னலில் ஹாஷ் செய்யப்படும் பல எண்கள் பக்க முகவரிகளாகவோ கோப்பின் உள்ளிடங்களாகவோ இருப்பவை. பக்கம் 4096 பைட் என்பதால் அவற்றின் கீழ் 12 பிட்டுகள் சுழியம். தகவல் நிறைந்த பகுதி அதற்கு மேலுள்ள 12 முதல் 20 வரையிலான பிட்டுகளே. 64 பிட் மாறிலியில் அப்பகுதிதான் முடிவில் சரியாக வெளிப்படவில்லை. வெவ்வேறு முகவரிகள் ஒரே அறையில் குவிந்தன. 2016இல், 4.6ஆம் பதிப்பு வெளியாகும் தறுவாயில், லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு சிறு திருத்தம் செய்தார், 4.7ஆம் பதிப்பில் பழைய மாறிலிகள் அகற்றப்பட்டன. 32 பிட்டுக்கு இப்போதுள்ள மாறிலி 1640531527.

எந்தச் சோதனையும் இக்குறையைத் தவறு என்று காட்டியிராது என்பது கவனத்திற்குரியது. ஹாஷ் சார்பு பழுதானாலும் விடை சரியாகவே வரும். நேரம் மட்டுமே கூடும்.

திறவுகோலைத் தேர்பவர் யார்?

பெருக்கல் முறை விரைவானது, ஆனால் வெளிப்படையானது. எந்த எண் எந்த அறைக்குச் செல்லும் என்பதை எவரும் கணக்கிடலாம். திறவுகோல் கெர்னலே உருவாக்கிய முகவரியானால் இதனால் பெரிய தீங்கில்லை. திறவுகோலை வலையமைப்பின் மறுமுனையிலுள்ள அயலார் ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது நிலைமை மாறுகிறது. 10,000 உறுப்புகள் சீராகப் பரவினால் ஒவ்வொரு தேடலும் ஓரிரு ஒப்பீட்டில் முடியும். அவை அனைத்தும் ஒரே சங்கிலியில் விழும்படி தேர்ந்தெடுக்கப்பட்டால், அவற்றைச் சேர்த்து முடிப்பதற்குள் ஏறத்தாழ ஐந்து கோடி ஒப்பீடுகள் நிகழும். தாக்குபவருக்குச் செலவு 10,000 சிறு பொதிகள் மட்டுமே.

ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் ஆகிய இருவரும் 2003இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இத்தகைய தாக்குதலை ஒரு தனி வகையாக வரையறுத்தனர். அதே ஆண்டில் லினக்ஸ் 2.4இன் வழித்தடக் கேஷிலும் இந்தப் பலவீனம் வெளிப்பட்டது. ஒவ்வொரு பொதியும் எவ்வழியே செல்ல வேண்டும் என்ற முடிவை, மூல முகவரியையும் சேருமிட முகவரியையும் திறவுகோலாகக் கொண்டு கெர்னல் சேமித்து வந்தது. மூல முகவரியைப் பொய்யாக இட்டு அனுப்புவது எளிது. ஆகவே ஒரே அறையை நோக்கிய பொதிகளை யாரும் தயாரிக்கலாம். பாப் ஜென்கின்ஸ் வகுத்த ஹாஷ் சார்பை மறை எண்ணொன்றுடன் சேர்த்துப் பயன்படுத்துவது தீர்வாக வந்தது. ஒவ்வொரு கணினியும் தனக்கென எழுந்தமான எண்ணொன்றைத் தேர்ந்துகொள்ளும். அதை அறியாதவர் அறையை முன்கூட்டிக் கணிப்பது கடினம்.

வழித்தடக் கேஷின் கதை இத்துடன் முடியவில்லை. மறை எண் மோதலைத் தடுக்கும், நிரம்புவதைத் தடுக்காது. ஒவ்வொரு பொதியிலும் புதிய முகவரி வந்தால், ஹாஷ் சார்பு எவ்வளவு சிறந்ததாயினும், ஒவ்வொன்றுக்கும் புதிய உறுப்பு தேவைப்படும். பழையவற்றைத் துடைக்கும் வேலையே செயலகத்தை விழுங்கும். அயலாரின் போக்குவரத்து கேஷின் உள்ளடக்கத்தை ஆளும்வரை இதற்கு ஹாஷ் வழியில் மருந்தில்லை. 2012இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பில் டேவிட் மில்லர் ஐ.பி.வி.4 வழித்தடக் கேஷையே அகற்றினார். வழித்தட அட்டவணையை மர வடிவில் நேரடியாகத் தேடுவது போதிய விரைவு பெற்றிருந்ததால் அது இயன்றது. ஹாஷ் அட்டவணை பற்றிய மிகச் சரியான முடிவு அதை நீக்குவதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கெர்னலில் இல்லை.

ஜென்கின்ஸ் சார்பு மறையீட்டு வலிமை நோக்கி வகுக்கப்பட்டதன்று. ஜான்-ஃபிலிப் ஒமாசோன், டேனியல் பெர்ன்ஸ்டைன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட சிப்ஹாஷ், குறுகிய உள்ளீடுகளுக்கு விரைவாகவும் மறை எண்ணை அறியாதவருக்குக் கணிக்க இயலாததாகவும் அமைந்தது. 2017இல் 4.11ஆம் பதிப்பில் அது கெர்னலுக்குள் வந்தது. ஹாஷ் அட்டவணைகளுக்கு மட்டும் போதுமான, சற்று வலிமை குறைந்த, விரைவு கூடிய ஒரு வடிவமும் உடன் வந்தது.

அப்படியெனில் எல்லா அட்டவணைகளுக்கும் சிப்ஹாஷையே பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பானது. கோப்புப் பெயர்த் தேடல் அதற்கு மறுப்பாக நிற்கிறது. 64 பிட் கணினிகளில் பெயரை எட்டு எட்டு பைட்டாகப் படிக்கும் ஒரே சுழற்சியில், பெயர் எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிவதும் ஹாஷ் கணக்கிடுவதும் சேர்ந்தே நடைபெறுகின்றன. ஒவ்வொரு கோப்புத் திறப்பிலும் பலமுறை ஓடும் சுழற்சி அது. பெயர்களைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அக்கணினியிலேயே கணக்குள்ளவர். வலையமைப்பின் மறுமுனையிலுள்ள எவரோ அல்லர். தாய்க் கோப்புறையின் நினைவக முகவரியும் ஹாஷில் கலக்கப்படுவதால் வெளியிலிருந்து கணிப்பதும் எளிதன்று. இது முழுப் பாதுகாப்பன்று. விரைவுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட சமரசம்.

பூட்டு இருக்கும் இடம்

பல செயலகங்கள் மாற்றும் அட்டவணைக்குப் பூட்டு வேண்டும். அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டு என்றால் எல்லாரும் வரிசையில் நிற்க நேரும். அறைக்கு ஒரு பூட்டு என்றால் நெரிசல் குறையும். ஆனால் நினைவகம் பெருகும். 8 பைட் சுட்டியின் அருகே 4 பைட் பூட்டை வைத்தால், முகவரி ஒழுங்குக்காக அறை 16 பைட்டாகும். ஹெச்லிஸ்ட் மிச்சப்படுத்திய அனைத்தும் திரும்பப் போய்விடும்.

டென்ட்ரி அட்டவணையில் இதற்குக் கையாளப்பட்ட உத்தி, பூட்டைச் சுட்டிக்குள்ளேயே வைப்பது. கட்டமைப்புகளின் முகவரிகள் 8இன் மடங்குகளாக இருப்பதால் சுட்டியின் கடைசிப் பிட் எப்போதும் சுழியம். அந்தப் பிட்டே பூட்டு. அதில் 1 இருந்தால் அறை பூட்டப்பட்டுள்ளது. 2011இல் வெளியான 2.6.38ஆம் பதிப்பில், பாதைத் தேடல் முழுவதையும் முடக்கிவந்த ஒற்றைப் பூட்டு அகற்றப்பட்டபோது நிக் பிகினின் பணியால் இவ்வமைப்பு வந்தது. ஒரு பிட்டில் காத்திருப்போரின் வரிசையை எழுதிவைக்க இடமில்லை என்பது இதன் குறை. சங்கிலிகள் குறுகியவையாகவும் பூட்டும் நேரம் சிறிதாகவும் இருப்பதால் அக்குறை பொறுக்கப்படுகிறது.

ஃபியூடெக்ஸ் அட்டவணை நேர்மாறான தேர்வைச் செய்தது. நிரலின் இழைகள் ஒரு பூட்டுக்காக உறங்கிக் காத்திருக்கும்போது அவற்றின் பெயர்கள் பதிவாகும் இடம் அது. அங்கே ஓர் அறை என்பது பூட்டு, காத்திருப்போர் எண்ணிக்கை, முன்னுரிமைப்படி அமைந்த பட்டியல் ஆகியவற்றைக் கொண்டது. இவை 64 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆயினும் ஒவ்வோர் அறையும் ஒரு முழுக் கேஷ் வரியைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இரு அறைகள் ஒரே கேஷ் வரியில் இருந்தால், தொடர்பற்ற இரு செயலகங்கள் அவ்வரியை ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொண்டே இருக்கும் என்பதே காரணம். நெடுங்காலம் 256 அறைகளே இருந்தன. 2014இல் 3.14ஆம் பதிப்பில் அது செயலகம் ஒன்றுக்கு 256 என மாறியது. 64 செயலகங்கள் உள்ள கணினியில் 16,384 அறைகள், 1 மெகாபைட்.

அதன் பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. அட்டவணை எல்லாச் செயல்முறைகளுக்கும் பொது. எனவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிரல்கள் ஒரே அறையில் மோதலாம். உரிய நேரத்தில் இயங்கியே ஆக வேண்டிய நிரலொன்று, தன்னைச் சாராத நிரலின் பூட்டுக்காகக் காத்திருக்கலாம். சராசரி வேகத்தில் இது தெரியாது. நேரக்கெடு உள்ள பணிகளுக்கோ சராசரியால் பயனில்லை. 2025இல், செயல்முறைக்குத் தனி ஃபியூடெக்ஸ் அட்டவணை வைத்துக்கொள்ளும் வசதி கெர்னலில் ஏற்படுத்தப்பட்டது.

பூட்டாமல் படித்தல்

மாற்றுவோரைவிடப் படிப்போர் பன்மடங்கு என்பதால், படிப்பவர் பூட்டே எடுக்காமல் செல்ல ஆர்.சி.யு. முறை இடமளிக்கிறது. நீக்கப்பட்ட உறுப்பின் அடுத்த சுட்டி அழிக்கப்படுவதில்லை. ஏற்கெனவே அதன்மேல் நிற்பவர் அச்சுட்டியின் வழியே சங்கிலியின் இறுதிவரை செல்லலாம். அப்போதிருந்த படிப்போர் அனைவரும் வெளியேறிய பின்னரே உறுப்பின் நினைவகம் விடுவிக்கப்படுகிறது.

டி.சி.பி. இணைப்புகளில் இந்தக் காத்திருப்பும் சுமையானது. நொடிக்குப் பல ஆயிரம் இணைப்புகள் தோன்றி மறையும் வழங்கியில், விடுபட்ட நினைவகத்தை உடனே மற்றோர் இணைப்புக்குப் பயன்படுத்திக்கொள்வது நலம். ஆனால் படிப்பவர் நின்றுகொண்டிருக்கும் உறுப்பே வேறொரு சங்கிலிக்குக் குடிபெயர்ந்துவிட்டால்? அவர் தம்மையறியாமல் அச்சங்கிலியில் நடந்து, தேடியது இல்லை என்று முடிவு செய்துவிடுவார். இதற்காக 2008இல் எரிக் துமசே, சங்கிலியின் இறுதியில் வெறுஞ்சுழியத்துக்குப் பதில் அச்சங்கிலியின் எண்ணைப் பொறிக்கும் அமைப்பைக் கொண்டுவந்தார். இறுதியை அடைந்தவர் அவ்வெண்ணைத் தாம் புறப்பட்ட எண்ணுடன் ஒப்பிடுவார். மாறியிருந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து தேடுவார். ஊர் எல்லையில் நடப்பட்ட பெயர்க்கல் போன்றது அது. வழி தவறியதை இறுதியில்தான் சொல்லும், ஆனால் தவறாமல் சொல்லும்.

அளவும் வளர்ச்சியும்

டென்ட்ரி அட்டவணையின் அளவு கணினி தொடங்கும்போதே நிலைபெறுகிறது. ஏறத்தாழ 8 கிகாபைட் நினைவகமுள்ள கணினியின் தொடக்கச் செய்திகளில் 10,48,576 அறைகள், 83,88,608 பைட் என்ற வரியைக் காணலாம். நினைவகத்தின் ஒவ்வொரு 8 கிலோபைட்டுக்கும் ஓர் அறை என்பது கணக்கு. பிறகு அது வளர்வதுமில்லை, சுருங்குவதுமில்லை. கோப்புகளையே தொடாத பணிக்கும் அந்த 8 மெகாபைட் ஒதுக்கப்பட்டே இருக்கும். நிர்வாகி விரும்பினால் தொடக்க அளவுருவால் மாற்றலாம். பெரும்பாலோர் அப்படியொன்று இருப்பதையே அறியார்.

இதை வளர்ப்பது ஏன் கடினம்? அறைகளின் எண்ணிக்கை இரட்டித்தால் ஒவ்வோர் உறுப்பையும் இடம்மாற்ற வேண்டும். அந்நேரம் பூட்டின்றிப் படிப்போர் சங்கிலியின் நடுவில் நின்றுகொண்டிருப்பர். ஜாஷ் டிரிப்லெட், பால் மெக்கென்னி, ஜொனாதன் வால்போல் மூவரும் 2011இல் படிப்போரை நிறுத்தாமல் அட்டவணையை விரிக்கும் வழியொன்றை வெளியிட்டனர். அதை அடிப்படையாகக் கொண்டு தாமஸ் கிராஃப் எழுதிய ஆர்ஹாஷ்டேபிள் 2014இல் 3.17ஆம் பதிப்பில் சேர்ந்தது. மறு ஆண்டில் ஹெர்பர்ட் சு அதன் உள்ளமைப்பை மாற்றினார்.

மாற்றப்பட்ட முறையில் புதிய அட்டவணை தனியே ஒதுக்கப்பட்டு, பழையதிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு இடப்படுகிறது. புதியவை புதிய அட்டவணையில் சேர்கின்றன. படிப்பவர் முதலில் பழையதிலும், கிட்டாவிட்டால் புதியதிலும் தேடுவார். பழைய சங்கிலிகள் ஒவ்வொன்றாக, கடைசி உறுப்பிலிருந்து தொடங்கி, இடம்பெயர்க்கப்படுகின்றன. முதல் உறுப்பிலிருந்து தொடங்கினால் அதன்மேல் நிற்பவர் புதிய சங்கிலிக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பழைய சங்கிலியின் எஞ்சிய உறுப்புகளைக் காணாமல் தவறவிடுவார். கடைசி உறுப்புக்குப் பின்னால் தவறவிட எதுவுமில்லை. சில வேண்டாத உறுப்புகளை அவர் கூடுதலாக ஒப்பிட நேரும், அவ்வளவே.

அட்டவணை 75 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினால் விரியும். சுருங்க அனுமதித்திருந்தால் 30 விழுக்காட்டுக்குக் கீழே சுருங்கும். சங்கிலியொன்று 16 உறுப்புகளைத் தாண்டினால் யாரோ மோதலை விளைவிக்கிறார் என்ற ஐயத்துடன், புதிய மறை எண்ணைத் தேர்ந்து முழு அட்டவணையையும் மறுபடி அடுக்கும். இவ்வளவு வசதிக்கும் விலை உண்டு. புதிய அட்டவணைக்கு நினைவகம் கிடைக்காமல் போகலாம். ஆகவே இங்கே சேர்த்தல் என்னும் செயல் தோல்வியடையக்கூடும். அழைக்கும் நிரல் ஒவ்வொன்றும் அத்தோல்வியைக் கையாள வேண்டும். பழைய நிலைத்த அட்டவணை தன் எளிமையால் தந்த உறுதி இங்கே கைமாறிப் போகிறது.

ஹாஷ் கைவிடப்பட்ட இடங்கள்

கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தாங்கும் பக்கக் கேஷ் 2.4ஆம் பதிப்பு வரை ஒரே பெரும் ஹாஷ் அட்டவணையாக இருந்தது. ஒரு கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது அடுத்தடுத்த பக்கங்கள் தேவைப்படும். நல்ல ஹாஷ் சார்பின் பணியோ அடுத்தடுத்தவற்றை எட்ட எட்டச் சிதறடிப்பது. சார்பு எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்குத் தொடர் வாசிப்பு பாதிக்கப்படும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி நீக்கவும் அட்டவணை உதவாது. 2.6ஆம் பதிப்பில் கோப்புக்கொரு மரம் அமைந்தது. பொதுவாக 64 அடுத்தடுத்த பக்கங்களுக்கான சுட்டிகள் ஒரே முடிச்சில் இருந்தன. 2018இல் 4.20ஆம் பதிப்பு முதல் மேத்யூ வில்காக்ஸ் வகுத்த எக்ஸ்அரே அவ்விடத்தில் உள்ளது.

செயல்முறை எண்களின் அட்டவணையும் அவ்வழியே சென்றது. எண்கள் 1, 2, 3 என வரிசையாக வழங்கப்படுபவை. அவற்றை ஹாஷ் செய்து கலைப்பதில் பயனில்லை. எந்த எண் காலியாக உள்ளது என்றறியத் தனியே ஒரு பிட் வரைபடமும் பேணப்பட்டு வந்தது. 2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பில் இரண்டையும் நீக்கி, எண் வழங்குவதையும் எண்ணைக் கொண்டு தேடுவதையும் ஒருசேரச் செய்யும் ஒரே மரம் வைக்கப்பட்டது. டென்ட்ரி அட்டவணை மட்டும் இன்றும் ஹாஷாகவே தொடர்கிறது. பெயருக்கு அடுத்த பெயர் எது என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. கோப்புறையைப் பட்டியலிடும் கேள்வி பெரும்பாலும் கோப்பு முறைமைக்கே செல்கிறது.